லேசிக் முடிந்து ஐந்தாம் நாள் கண்ணைக் கசக்கிவிட்டால்

லேசிக் எனும், பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் லேசர் கண் சத்திரசிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள், நித்திரையில் வலது கண்ணைக் கசக்கிவிட்டதாகவும், காலையிலிருந்து மணல் விழுந்தது போல் உறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் இடது கண்ணை அழுத்தாமல் உள்ளங்கையால் மறைத்து, வலது கண்ணால் நாட்காட்டியைப் பாருங்கள். நேற்றையை விட மங்கலாக இருந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ இன்றைக்கே வைத்தியரிடம் போங்கள், நாளைக்கு வேண்டாம். லேசிக்கில் கருவிழியின் மேற்படையை மூடி போலத் திறந்து, லேசர் அடித்து, தையல் இல்லாமலே திரும்ப மூடுகிறார்கள். கசக்கினால் மடல் எனப்படும் அந்த மேற்படை விலகிச் சுருக்கம் விழலாம். வைத்தியர் உடனே விரித்துவிட்டால் நேராகும்; நாள் போனால் சுருக்கம் படிந்துவிடும். உங்கள் வைத்தியர் கிடைக்காவிட்டால் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள்.

பார்வை தெளிவாக இருந்தாலும் கசக்கியதைச் சொல்லி ஒருமுறை காட்டிவிடுங்கள். பார்வை தெளிவாக இருந்தால் உறுத்தலுக்குக் காரணம் பெரும்பாலும் வறட்சிதான். மடல் வெட்டும்போது கருவிழி நரம்புகளும் அறுபடுவதால் கண்ணீர் குறையும். தேற 3 முதல் 6 மாதம் ஆகலாம். ஏசி அறையில் கணினி பார்ப்பவர்களுக்கு இன்னும் மோசம். பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமல் காக்கும் இரசாயனம்) சேராத செயற்கைக் கண்ணீரைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு சொட்டு மருந்துகளுக்கிடையே 5 நிமிடம் விடுங்கள், குப்பியின் நுனி இமையில் படக்கூடாது. அழற்சியைக் குறைக்கத் தரும் ஸ்டீரொய்ட் சொட்டு மருந்தை மட்டும் சொன்ன நாளுக்கு மேல் நீங்களாகப் பாமசியில் வாங்கிப் போடாதீர்கள், கண் அழுத்தம் ஏறும்.

இரவில் கண்ணுக்கு மேல் பிளாஸ்ரிக் கவசத்தை ஒட்டிக்கொண்டு படுங்கள். கடல் குளிப்பு ஒரு மாதத்துக்கு வேண்டாம்.