முன்பக்கத்தில் முந்திரி, பின்பக்கத்தில் தண்ணீர்

இந்த முறை கடிதங்கள் பெரும்பாலும் சுடவைத்துச் சாப்பிடும் பாக்கெட் உணவைப் பற்றியே வந்திருக்கின்றன. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ‘ராயல்’ என்று தங்க எழுத்தில் அச்சிட்ட பனீர் மக்கானி வாங்கினேன். அட்டைப் படத்தில் முந்திரியும் வெண்ணெயும் வழிகின்றன. உள்ளே நீர்த்த தக்காளிக் குழம்பும் நான்கைந்து பனீர்த் துண்டுகளும்தான். ‘2 பேருக்கு’ என்று போட்டிருந்தது; என் மகன் ஒருவனுக்கே போதவில்லை. இது ஏமாற்று இல்லையா? (மதுரை)

பதில்: ஏமாற்றுதான். ஆனால் சட்டத்துக்குள் நின்றுகொண்டு செய்கிற ஏமாற்று. எனக்குத் தீராத கோபம் இதில்தான். ஒரு பொருளைப் படத்தாலோ சொல்லாலோ எடுத்துக்காட்டினால், அது எத்தனை சதவீதம் சேர்ந்திருக்கிறது என்று லேபிளில் சொல்லியாக வேண்டும் என்கிறது நம் உணவு லேபிள் விதி. நல்ல விதி. ஆனால் அதிலேயே ஓர் ஓட்டையும் விட்டு வைத்திருக்கிறார்கள்: படம் வெறும் ‘பரிமாறும் யோசனை’ என்றால் சதவீதம் தேவையில்லை. முந்திரிக்குப் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத அளவில் ‘சர்விங் சஜஷன்’ என்று அச்சிட்டிருப்பது அதற்காகத்தான். இந்த ஓட்டையை அடைக்கும்வரை நுகர்வோர் அமைப்புகள் சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதுவரை பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமுள்ளதில் தொடங்கி இறங்குவரிசையில்தான் எழுத வேண்டும். முதலில் தண்ணீர், அடுத்து தக்காளி, எண்ணெய், அதற்கும் கீழே பனீர் என்றால் நீங்கள் எதற்குப் பணம் கொடுத்தீர்கள் என்பது தெரிந்துவிடும். ‘2 பேருக்கு’ என்பதை நம்பாதீர்கள். நிகர எடையைப் பாருங்கள். பாக்கெட்டில் கிராமுக்கு எவ்வளவு விலை என்பதும் இருக்க வேண்டும். 300 கிராம் 150 ரூபாய் என்றால் கிலோ 500 ரூபாய். அந்தப் பணத்துக்கு நல்ல பனீரே ஒரு கிலோ வாங்கலாம். நான் வாங்கிய ஒரு ‘தம் பிரியாணி’யில் அரிசி, தண்ணீர், எண்ணெய், வெங்காயம் எல்லாம் வந்த பிறகுதான் கோழி வந்தது. மூன்று துண்டு, அதில் ஒன்று வெறும் எலும்பு. அந்த நிறுவனத்தின் வேறெந்தப் பெட்டியையும் அதன் பிறகு நான் தொடவில்லை.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைக்காமல் ஒரு வருடம் கெடாது என்கிறார்கள். மருந்து போடாமல் முடியுமா? (திருநெல்வேலி)

பதில்: முடியும். உணவைப் பல அடுக்குப் பையில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைக்கிறார்கள். கிருமி அழிந்துவிடுகிறது, பை திறக்கும்வரை புதிதாக எதுவும் உள்ளே போவதில்லை. இதற்கு ரிட்டார்ட் முறை என்று பெயர். நம் ராணுவ வீரர்களுக்காக மைசூரில் உள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆய்வகம் இதை நம் சமையலுக்கு ஏற்றபடி வடிவமைத்துக் கொடுத்தது. நீங்கள் கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றி. சோடியம் அளவைப் படியுங்கள். ஒரு நாள் முழுவதற்கும் 2 கிராம் சோடியத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பை உப்பியிருந்தால் திறக்கவே திறக்காதீர்கள்.

கேள்வி: பாதி விலை என்று 20 பாக்கெட் வாங்கினேன். ஒன்பது நாளில் காலாவதி என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். (சேலம்)

பதில்: தேதி அச்சிட்டிருந்தது. கடைக்காரர் மறைக்கவில்லை. அக்கம்பக்கத்தாருக்குக் கொடுங்கள்.

கேள்வி: இருவருக்கான ஒரு ரெடி மீலுக்குக் கிட்டத்தட்ட 30 பவுண்டு கொடுத்து வந்திருக்கிறார் என் கணவர். இப்படி விற்றும் அந்த நிறுவனம் எப்படி வளர்கிறது? (ஹாரோ, லண்டன்)

பதில்: நீங்கள் சொல்வது சார்லி பிகாம்ஸ் என்று நினைக்கிறேன். 1996-ல் லண்டனில் தொடங்கிய நிறுவனம். பிளாஸ்டிக் தட்டுக்குப் பதில் மெல்லிய மரத் தட்டு. மைக்ரோவேவில் மூன்று நிமிடம் அல்ல, ஓவன் அடுப்பில் அரை மணி நேரம். வீட்டில் சமைத்த மணம் வருகிறது, சமைத்த திருப்தியும் வருகிறது. ஆனால் உண்மையான சாமர்த்தியம் வேறு. கடையில் பக்கத்து அலமாரியில் இருக்கும் 4 பவுண்டு சாப்பாட்டோடு தன் விலையை அது ஒப்பிடுவதில்லை. உணவகத்தில் இரண்டு பேர் சாப்பிட்டால் வரும் பில்லோடு ஒப்பிடச் சொல்கிறது. உணவக விலை ஏற ஏற, இவர்கள் விலை மலிவாகத் தெரிகிறது. உயர்தர ரெடி மீல் நிறுவனங்கள் பல வளர்வது இந்தக் கணக்கில்தான். உணவகத்துக்குப் போகாமல் மிச்சம் பிடித்த நாளென்றால் உங்கள் கணவர் வாங்கியதில் தவறில்லை. வாரத்தில் மூன்று நாள் என்றால் பேச வேண்டியதுதான். உங்கள் ஊரில் இறைச்சி, மீன் சதவீதத்தைப் பெட்டியிலேயே போட்டாக வேண்டும். அதைப் படித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எம்டிஆர் வெளிநாட்டு நிறுவனமாகிவிட்டதாமே. இனி வாங்கலாமா? (வேலூர்)

பதில்: 2007-லேயே நார்வேயின் ஓர்க்லா நிறுவனம் வாங்கிவிட்டது. இத்தனை ஆண்டும் சாப்பிட்டுத்தானே வந்தீர்கள்? ருசி மாறினால் நிறுத்துங்கள்.

கேள்வி: பரோட்டா பாக்கெட்டுக்கு வரி இல்லை என்கிறார்கள். கடை பில்லில் 18 சதவீதம் இருக்கிறது. (தஞ்சாவூர்)

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் பரோட்டாவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பரோட்டா ரொட்டி ஆகாது, ஆகவே 18 சதவீதம் என்று 2020-ல் கர்நாடகத்தில் ஒரு தீர்ப்பு வந்ததே, அந்த வழக்கெல்லாம் முடிந்துவிட்டது. பில்லோடு கடைக்குப் போய்க் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள்.

கேள்வி: வயதான பெற்றோருக்காக, தினமும் வீட்டுக்கே ‘பிரீமியம்’ சாப்பாடு கொண்டுவரும் புது நிறுவனத்தில் ஆறு மாதப் பணம் முன்கூட்டியே கட்டினேன். இரண்டு மாதத்தில் சாப்பாடு நின்றது. இப்போது போனையும் எடுப்பதில்லை. (கோவை)

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. பெற்றோர் பசியோடு இருக்கக்கூடாது என்று கட்டிய பணம் அது. வாடிக்கையாளரின் முன்பணத்தைப் போட்டுக் கிளை திறந்து வளர்ந்ததாகக் காட்டுகிற நிறுவனங்கள் கடைசியில் அந்த வாடிக்கையாளரைத்தான் நடுத்தெருவில் விடுகின்றன.

கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கியில் ‘சார்ஜ்பேக்’, அதாவது கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி, கேளுங்கள். அதற்குக் கெடு உண்டு. பணம் கட்டிய ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915-ல் பதிவு செய்யுங்கள். பலனில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். உங்களைப் போலப் பணம் கட்டியவர்கள் இருப்பார்கள். ஆணையத்தின் அனுமதி பெற்று எல்லோருக்கும் சேர்த்து ஒரே புகாராகவும் கொடுக்கலாம். பணம் கட்டிய மற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள்.