அந்தப் பையனின் ஸலாமுக்கு என்ன பதில்?

கேள்வி: நான் பட்டுக்கோட்டைக்காரி. இரண்டு வருடமாக அதிராம்பட்டினத்தில் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் காலையில் "அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர்" என்கிறான். பதில் தெரியாமல் சிரித்துவைக்கிறேன். கூட வேலை பார்க்கும் டீச்சரின் வீட்டுக்கு, அவர் அக்கா குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். "என்ன கொழுகொழுன்னு இருக்கான்!" என்றேன். பக்கத்தில் இருந்த பாட்டி உடனே, "மாஷா அல்லாஹ் சொல்லும்மா" என்றார். என் கண் பட்டுவிடும் என்று நினைத்துவிட்டாரோ என்று மனசு சுருங்கிப்போனது. போன வாரம் அந்த டீச்சரின் வாப்பா இறந்துவிட்டார். "அவங்க ஆத்மா சாந்தியடையட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தப்பாகச் சொல்லிவிட்டேனா? இந்தச் சொற்களுக்கெல்லாம் என்ன பொருள்? ஓர் இந்துவான நான் சொன்னால் நடிப்பதுபோல் தெரியாதா?
- ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லிவிடலாம். பாவம், தினமும் காத்திருக்கிறான்.

அஸ்ஸலாமு அலைக்கும் என்றால் "உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்" என்று பொருள். பதில், "வ அலைக்கும் ஸலாம்". "உங்கள் மீதும் சாந்தி உண்டாகட்டும்", அவ்வளவுதான். உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களிடம் "உங்களுக்குச் சமாதானம்" என்று சொன்னதாக பைபிளில் வருகிறதே, அதே வாழ்த்துதான். யூதர்களின் ஷாலோமும் இதே வேரிலிருந்து வந்தது. ஒருவர் வாழ்த்தினால் அதைவிட அழகாகவோ, குறைந்தது அதே அளவிலோ திருப்பி வாழ்த்துங்கள் என்று குர்ஆன் (4:86) சொல்கிறது. அந்தப் பையனுக்கு இதை வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதனால்தான் பதில் வருகிறதா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறான்.

சொல்லும்போது ஒன்றே ஒன்று கவனியுங்கள். 'ஸலாம்' என்பதில் உள்ள 'லா'வை விழுங்கிவிடாதீர்கள். அரபியில் 'ஸாம்' என்றால் மரணம். நபிகள் நாயகத்தின் காலத்திலேயே வேண்டுமென்று அப்படித் திரித்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். அதைக் கேட்டு நபிகளின் மனைவி ஆயிஷா நாயகி கோபப்பட, நபிகள் அவரை அமைதிப்படுத்தி மென்மையாக இருக்கச் சொன்ன செய்தி நபிமொழித் தொகுப்புகளில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அவசரமாகத் தட்டும்போது இந்த எழுத்துதான் முதலில் விடுபடும்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஸலாம் சொல்லலாமா என்பதில் ஆலிம்களுக்குள்ளேயே, அதாவது மார்க்க அறிஞர்களுக்குள்ளேயே, கருத்து வேறுபாடு உண்டு. அப்புறம், 'வணக்கம்' என்ற சொல்லில் 'வணங்குதல்' இருப்பதால், வணக்கம் இறைவனுக்கு மட்டும்தான் என்று அதைச் சொல்லத் தயங்குகிறவர்களும் உண்டு. ஆகவே சில பெற்றோர் உங்களிடம் ஸலாமும் சொல்லாமல் வணக்கமும் சொல்லாமல் "வாங்க டீச்சர், நல்லாருக்கீங்களா?" என்று மட்டும் கேட்பார்கள். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மரியாதை அந்த "வாங்க"வுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, அந்தப் பாட்டியிடம் வருவோம். உங்கள் மனசு சுருங்கியது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் உங்கள் கண்ணைக் குறை சொல்லவில்லை. மாஷா அல்லாஹ் என்றால் "இது அல்லாஹ் நாடியது". குர்ஆனின் 18ஆவது அத்தியாயத்தில் இரண்டு தோட்டங்களுக்குச் சொந்தக்காரன் ஒருவன் வருகிறான். திராட்சைக் கொடி, சுற்றிலும் பேரீச்சை, நடுவில் ஆறு. இது ஒருநாளும் அழியாது என்று பெருமை பேசுகிறான். "உன் தோட்டத்துக்குள் நுழைந்தபோது மாஷா அல்லாஹ் என்று சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவனுடைய நண்பன் கேட்கிறான். பாருங்கள், அங்கே அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டியவன் சொந்தக்காரனே. எங்கள் வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைக்கிற தாயே, அதன் தொடை மடிப்பில் பவுடர் போட்டுக்கொண்டே, மாஷா அல்லாஹ் என்பாள். தாய்க்கண் பொல்லாதது என்று நம் ஊரில் எல்லா வீட்டிலும் சொல்வதுதானே? நீங்கள் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிறீர்கள், நாங்கள் இந்தச் சொல்லை வைக்கிறோம். பாட்டி உங்களைத் தன் வீட்டுப் பெண்ணாக நினைத்துச் சொல்லிக்கொடுத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அடுத்த முறை அவர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிப் பாருங்கள், அவர் முகம் எப்படி மலர்கிறது என்று.

உங்கள் கடிதத்தில் இன்ஷா அல்லாஹ் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. இன்று அதிகம் அடிபடுகிற சொல் அது. "பாய் இன்ஷா அல்லாஹ்னு சொல்லிட்டாரா? அப்ப நடக்காது" என்று கேலி பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கேலிக்கு நாங்களும் பொறுப்புதான். எங்கள் ஊரில் ஒரு தையற்காரர் இருந்தார். பெருநாள் சட்டைக்குத் துணி கொடுத்தால் "இன்ஷா அல்லாஹ், நாளைக்கு" என்பார். நாளை மறுநாளும் அதே பதில். ஒருநாள் என் நன்னி (பாட்டி) கடை வாசலில் போய் நின்றுகொண்டு, "அல்லாஹ் எப்பவோ நாடிட்டான்யா, நீதான் நாடலை" என்றார். தையற்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று சாயங்காலமே சட்டை வந்துவிட்டது.

நன்னி சொன்னதில் அந்தச் சொல்லின் முழுப் பொருளும் இருக்கிறது. "நாளைக்கு இதைச் செய்வேன் என்று எதைப் பற்றியும் சொல்லாதீர், அல்லாஹ் நாடினால் என்று சேர்த்தே சொல்லும்" என்பது குர்ஆன் (18:23-24) வசனத்தின் கருத்து. அதாவது, நான் செய்வதாக முடிவு பண்ணிவிட்டேன், என் பங்கில் குறை வைக்க மாட்டேன், ஆனால் நாளைய பொழுது என் கையில் இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வரேன்" என்கிறோமே, அந்த இடத்திலிருந்து வருகிற சொல் இது. செய்ய மனமில்லாதவன் இதைச் சொன்னால் அது இறைவனின் பெயரை வைத்துச் சொல்கிற பொய். இன்னொன்று, இது நடக்கப்போவதற்கு மட்டும்தான். "நேத்து வந்தேன், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்ல முடியாது. நடந்து முடிந்த நல்லதற்கு மாஷா அல்லாஹ் அல்லது அல்ஹம்துலில்லாஹ்.

அல்ஹம்துலில்லாஹ்வை நீங்கள் ஏற்கெனவே தமிழில் கேட்டிருக்கிறீர்கள். 2009இல் ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர். ரஹ்மான் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்றாரே, அதுதான். விருது வாங்கும்போது மட்டும் சொல்வதில்லை. நன்னி கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், கையில் ஊசி குத்திக் குத்தி நீலம் பாரித்திருந்தது. "எப்படி இருக்கு நன்னி?" என்று கேட்டால் முதல் சொல் அல்ஹம்துலில்லாஹ்தான். வலியை அதற்கப்புறம்தான் சொல்வார். தும்மினாலும் இதையே சொல்வார்கள். கேட்டவர் "யர்ஹமுகல்லாஹ்" என்பார், அல்லாஹ் உங்களுக்கு இரக்கம் காட்டட்டும் என்று. பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறந்ததும் முணுமுணுப்பது பிஸ்மில்லாஹ், அல்லாஹ்வின் பெயரால்.

அல்லாஹு அக்பர் பற்றியும் ஒரு வார்த்தை. "இறைவன் மிகப் பெரியவன்" என்பதுதான் அது. செய்திகளிலும் சினிமாவிலும் அதைக் குண்டுச் சத்தத்தோடு சேர்த்தே கேட்டுப் பழகிவிட்டோம். எங்களுக்கு அது பாங்கின், அதாவது தொழுகைக்கான அழைப்பின், முதல் சொல். பிறந்த குழந்தையின் காதில் மெதுவாகச் சொல்கிற சொல். உங்கள் வகுப்பில் யாராவது அதை விளையாட்டாகக் கத்திப் பயமுறுத்தினால், தயவுசெய்து அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அதேபோல் "நம்பள், நிம்பள்" என்று முஸ்லிம் மாதிரி பேசிக் காட்டுவதையும். அந்தப் பிள்ளைகளின் தாய்மொழி தமிழ்தான்.

மரண வீட்டுக்கு வருவோம். அங்கே எல்லோரும் சொன்னது "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்". "நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள்" (2:156). இழப்பு எதுவானாலும் சொல்லலாம், மரணத்துக்கு மட்டுமல்ல. நீங்கள் சொன்ன "ஆத்மா சாந்தியடையட்டும்" தப்பில்லை. அழுதுகொண்டிருக்கும் யாரும் சொல்லை எடுத்து நிறுத்துப் பார்க்க மாட்டார்கள். ஆனால் முஸ்லிம்கள் இறந்தவருக்காகக் கேட்பது முக்கியமாக இரண்டு: அவருடைய பிழைகள் மன்னிக்கப்பட வேண்டும், மறுமையில் சுவனம் (சொர்க்கம்) கிடைக்க வேண்டும். ஆகவே "அல்லாஹ் அவங்களை மன்னிச்சு சுவனத்தைக் கொடுக்கட்டும்" என்று தமிழில் சொன்னீர்களானால் அந்த வீட்டின் மனசுக்கு நேராகப் போய்ச் சேரும். "பாடியை எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்காமல் "எத்தனை மணிக்கு நல்லடக்கம்?" என்று கேட்பது நல்லது. அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள் என்பதால், தகவல் வந்ததும் கிளம்பிவிடுங்கள்.

நடிப்பாகத் தெரியாதா என்று கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன சொற்களில் சில துஆக்கள், வேண்டுதல்கள். மற்றவை இறைவனைப் புகழ்வதும் நினைப்பதும். அந்தக் குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்று உங்கள் மனசில் இருந்தால் மாஷா அல்லாஹ் உங்கள் வாயிலும் பொருந்தும். மனசில் இல்லாமல் சொன்னால் முஸ்லிம் வாயிலும் பொருந்தாது. எங்கள் தையற்காரரைப் பார்த்தீர்களே. அரபி நாக்கில் வரவில்லையா, தமிழில் சொல்லுங்கள். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள் என்று எங்கள் மார்க்கத்தையே தமிழில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் தோழியின் உம்மா இப்போது இத்தாவில் இருப்பார். கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் அவசியமில்லாமல் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கிற காலம் அது. வெளி ஆண்கள் உள்ளே போய்ப் பேச மாட்டார்கள். நீங்கள் பெண், போகலாம். பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஏறுமுன் ஒருநாள் அரைமணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கணவரைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கிளம்பும்போது "எனக்கும் துஆ செய்யுங்கம்மா" என்று சொல்லுங்கள்.