கடிதம் போடுவது கம்பெனி, காசு சிட்டியுடையது

கேள்வி: கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில் ஒரு சிட்டி (நகராட்சி) நூலகத்தில் வேலை பார்க்கிறேன். புத்தகப் பெட்டியைத் தூக்கும்போது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. மார்ச் 4ஆம் தேதி படிவத்தை நிரப்பி சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். இப்போது பெயரே கேள்விப்படாத ஒரு கம்பெனியிலிருந்து, ‘உங்கள் க்ளெய்ம் 21ஆம் தேதி கிடைத்தது, விசாரணையில் இருக்கிறது’ என்று கடிதம். எச்.ஆர். ‘அவர்களோடு பேசிக்கொள்ளுங்கள்’ என்கிறது. சிட்டி கைகழுவிவிட்டதா? கிளினிக்கில் ஒருவர் வக்கீல் கார்டு கொடுத்தார். போகலாமா?

பதில்: கழுவவில்லை, கழுவவும் முடியாது. உங்கள் சிட்டி இன்ஷூரன்ஸ் வாங்குவதில்லை. வேலையில் அடிபட்டவர்களின் செலவைத் தன் பணத்திலிருந்தே கொடுக்கிறேன் என்று மாநிலத்திடம் அனுமதி பெற்றிருக்கிறது. கோப்பைப் பார்க்க, கடிதம் போட, செக் அனுப்ப மட்டும் ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்ட். கல்யாணச் சமையலைக் கான்ட்ராக்ட் விட்டாலும் சாம்பார் பத்தவில்லை என்றால் பெண் வீட்டாரைத்தானே கேட்பார்கள்?

அப்படி ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் அட்ஜஸ்டராக, அதாவது க்ளெய்ம்களை விசாரித்து முடிவு செய்பவனாக இருந்தவன் நான். அதனால் உங்கள் கேள்வியில் என் கண் போனது அந்த இரண்டு தேதிகள் மேல்தான்.

நீங்கள் கொடுத்தது டிடபிள்யூசி-1, வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்கும் மாநிலப் படிவம். மேல்பாதி உங்களுடையது, கீழ்ப்பாதி சிட்டியுடையது. அந்தக் கீழ்ப்பாதியில், நிரப்பிய படிவம் முதலாளி கைக்கு வந்த தேதியை எழுத ஓர் இடம் இருக்கிறது. அதில் தேதி போட்டு, ஒரு வேலைநாளுக்குள் உங்களுக்கும் கம்பெனிக்கும் நகல் தர வேண்டும். உங்கள் படிவம் பதினேழு நாள் யாருடைய டிராயரிலோ தூங்கியிருக்கிறது! க்ளெய்மை மறுக்க 90 நாள் கெடு. அது சிட்டியிடம் கொடுத்த நாளிலிருந்து ஓடும், கம்பெனி சீல் குத்திய நாளிலிருந்து அல்ல. ஆகவே ஜூன் 2, ஜூன் 19 அல்ல. அதற்குள் மறுக்கவில்லை என்றால் வேலையில் பட்ட காயம்தான் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அப்புறம் மறுப்பது அவர்களுக்கு மிகவும் கஷ்டம். இன்றைக்கே எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: ‘மார்ச் 4 அன்று சூப்பர்வைசரிடம் கொடுத்தேன், தேதியிட்ட நகல் வேண்டும்.’ போனில் பேசாதீர்கள். போனில் பேசியதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘விசாரணையில் இருக்கிறது’ என்றால் வைத்தியம் நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ஏற்கும்வரை அல்லது மறுக்கும்வரை 10,000 டாலர் வரையான சிகிச்சைக்கு அவர்கள் அனுமதி தந்தாக வேண்டும். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

டாக்டர் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ‘என் குடும்ப டாக்டரிடமே போகலாமா?’ என்று கேட்டால் போகலாம், ஆனால் அடிபடுவதற்கு முன்பே அவர் பெயரை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அவர் முன்பே உங்களுக்கு வைத்தியம் பார்த்தவராக, உங்கள் மருத்துவப் பதிவுகளை வைத்திருப்பவராக இருக்க வேண்டும். அவரும் முன்பே சம்மதித்திருக்க வேண்டும். அடிபட்ட நாளில் உங்களுக்கு மருத்துவக் காப்பீடும் இருந்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளில் கொடுத்த காகிதக் கட்டில் இதற்கும் ஒரு தாள் இருந்திருக்கும். யார் படித்தார்கள்? அதில் கையெழுத்துப் போடவில்லை என்றால், சிட்டியின் மருத்துவர் பட்டியலில் உள்ளவரிடம்தான். ஆனால் முதல் விசிட் முடிந்தபின் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வேறு டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாம். இதை யாரும் உங்களுக்கு வலிய வந்து சொல்ல மாட்டார்கள்.

இனி அந்தக் கார்டு. வீசி எறியுங்கள். காசுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது இங்கே குற்றம். கிளினிக் வாசலில் நிற்பவர் முதலில் வக்கீலிடம் அனுப்புவார், வக்கீல் தன் டாக்டரிடம், டாக்டர் தன் பிசியோவிடம். ஆறு மாதம் கழித்துத் தோள் அப்படியே இருக்கும், பில் மட்டும் வளர்ந்திருக்கும். வக்கீலே வேண்டாம் என்று சொல்லவில்லை. க்ளெய்மை மறுத்தால் நீங்களே தேடிப் போங்கள். முன்பணம் கேட்கக் கூடாது. கிடைக்கும் தொகையில் பொதுவாக 9 முதல் 15 சதவீதம், அதையும் நீதிபதி ஒப்புக்கொள்ள வேண்டும்.

அட்ஜஸ்டர் போன் செய்து, பேசுவதைப் பதிவு செய்யலாமா என்பார். குரல் இனிமையாக இருக்கும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். ‘முன்னாடியும் லேசா வலிக்கும்’ என்று பேச்சுவாக்கில் இல்லாததைச் சொல்லி வைக்காதீர்கள், அந்த ஒரு வரியை வைத்தே கோப்பை மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய காயம் நிஜமாகவே இருந்தால் மறைக்கவும் வேண்டாம்.

அதற்கு முன் சான் ஹோசேயில் உள்ள மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். தகவல் சொல்வதற்கென்றே அங்கே அதிகாரி இருக்கிறார், கட்டணம் இல்லை. போகும்போது கடிதத்தோடு உறையையும் எடுத்துப் போங்கள். உள்ளே அச்சிட்ட தேதியும் உறையின் மேல் விழுந்த தபால் முத்திரைத் தேதியும் ஒன்றாக இருந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.