அம்மா கண் இருண்டு விழுந்தவவோ, கால் தடக்கி விழுந்தவவோ?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயசு, அறளை பெயர்ந்து ரெண்டு வருசம். மறதிக்கு டொனெபெசில் எண்ட குளிசை 5 மில்லிகிராம் குடுத்தவை, போன மாசம் 10 ஆக்கினவை. பிரஷருக்கு அடெனோலோலும் போடுறா. பயங்கரக் கனவு, வயித்தோட்டம், சாப்பாட்டில மனமில்லை. நித்திரைக்கு ராவில பிரிற்றன் (தடிமனுக்குப் போடுற குளிசை) குடுக்கிறன். போன கிழமை குசினியில கண் இருண்டு விழுந்திட்டா. டொனெபெசில் மூளையைச் சுருக்கும் எண்டு யூடியூப்பில சொல்லுறாங்கள். நான்தான் அம்மாவைக் கெடுக்கிறனோ? (உவர்மலை வாசகி)

பதில்: நீங்கள் கெடுக்கேல்லை தங்கச்சி. மூளை சுருங்கிறது அந்த வருத்தத்தால, அந்த வீடியோவை இனிப் பாக்காதேங்கோ. ஆனா அவ்வளவுக்கும் நடுவில ஒரு வரியில சொல்லீட்டுப் போன விசயம், குசினியில கண் இருண்டு விழுந்தது, அதுக்குத்தான் நான் பயப்பிடுறன்.

டொனெபெசில் நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும், அடெனோலோலும் அதையேதான் செய்யும், ரெண்டும் சேந்தா வயசான ஆக்களில சிலருக்குத் துடிப்பு அளவுக்கு மிஞ்சிக் குறைஞ்சு மூளைக்கு ரத்தம் போதாமல் ஆள் அப்பிடியே சரிஞ்சிடும், அதுவும் 5ஐ 10 ஆக்கின பிறகு விழுந்திருக்கிறா எண்டால் நான் சும்மா விடமாட்டன். கால் தடக்கி விழுற ஆள் பெரும்பாலும் கையை ஊண்டும். மயங்கி விழுற ஆளுக்குக் கை வராது, முகமோ தலையோதான் போய் அடிபடும். அம்மான்ர உள்ளங்கை உரஞ்சியிருக்கோ, நெத்தி வீங்கியிருக்கோ எண்டு பாருங்கோ.

இப்பவே பெருவிரலுக்குக் கீழ மணிக்கட்டில ரெண்டு விரலை வைச்சு ஒரு முழு நிமிசம் நாடியை எண்ணுங்கோ. 50க்குக் கீழ எண்டால் உடனடியா ஆஸ்பத்திரி, வாகனம் இல்லாட்டி 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, காசில்லை. 70 வந்தாலும் இண்டைக்கே கொண்டுபோய் ஒரு ஈசிஜி எடுக்கத்தான் வேணும், ஏனெண்டா மயங்கின நேரம் துடிப்பு எவ்வளவு இருந்தது எண்டு ஆருக்கும் தெரியாது. ஈசிஜி பாக்குமட்டும் அடுத்த டொனெபெசிலைக் குடுக்காதேங்கோ, அடெனோலோலை மட்டும் நீங்களா நிப்பாட்டாதேங்கோ, அதைச் சட்டெண்டு விட்டால் நெஞ்சுக்குக் கூடாது. பிறகு 5க்கு இறங்கிறதோ பிரஷர் குளிசையை மாத்திறதோ எண்டு டொக்டர் முடிவெடுப்பார்.

அடுத்தது பிரிற்றன். அதைப் பாக்கத்தான் எனக்குக் கோவம் வந்தது, உண்மையாவே. டொனெபெசில் மூளையில ஞாபகத்துக்கு வேண்டிய அசற்றைல்கோலின் எண்ட பொருள் அழியாமல் காக்கிறதுக்கு, பிரிற்றன் அதே பொருளை வேலை செய்யவிடாமல் மறிக்கிறது. ஒரு கையால குடுத்ததை மற்றக் கையால நீங்களே பறிக்கிறியள். அதோட தடுமாற்றம், மூத்திரம் அடைக்கிறது, விழுறது எல்லாம் கூடும். பார்மசியில துண்டில்லாமல் தருகினம் எண்டதுக்காகத் தடிமனுக்கும் கடிக்கும் நித்திரைக்கும் அதையே குடுக்கிற வீடுகள் கனக்க, கிளினிக்கில நான் முதல்ல கேக்கிறதே குளிசை பையை மேசையில கொட்டுங்கோ எண்டுதான், உள்ளதைச் சொல்லமாட்டினம், பையுக்கதான் கிடக்கும்.

கனவுக்குப் பயப்பிடாதேங்கோ, ராவில போடுற டொனெபெசிலைக் காலையில போட்டால் பெரும்பாலும் போயிடும், அதையும் டொக்டரிட்ட சொல்லுங்கோ. வயித்தோட்டம் டோஸ் கூட்டின புதுசில வாறது, கொஞ்ச நாளில அடங்கும். சாப்பாட்டில மனமில்லாதது நிறை குறையாதவரைக்கும் பரவாயில்லை, மாசம் ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ.

டொனெபெசில் மறதியை மாத்தாது, சில பேருக்குக் கொஞ்சக் காலம் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். அம்மா இன்னும் தானாச் சேலை உடுக்கிறாவோ, பின்னேரம் சாமியறையில விளக்கு வைக்கிற நேரம் தெரியுதோ, அதைப் பாத்துத்தான் பிரயோசனம் இருக்கோ இல்லையோ எண்டு சொல்லலாம், ஸ்கேனைப் பாத்து இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகேக்க கிளினிக் கொப்பியோட அந்தப் பிரிற்றன் கார்டையும் கொண்டு போங்கோ, ஒளிக்காமல் காட்டுங்கோ.