ஸ்கீக்காரங்களுக்கு ஈஸி, ஸ்ப்ளிட்போர்டுக்கு?

கேள்வி: ரெண்டு மூணு சீசனா லிஃப்ட்ல ஏறி ஸ்னோபோர்டு ஓட்டிட்டிருக்கேன், இப்போ ஸ்ப்ளிட்போர்டு, அதாவது ரெண்டாப் பிரியற ஸ்னோபோர்டு, வாங்கியாச்சு. ஆல்ப்ஸ்ல காட்டு வழியா ஒரு ஹட்டுக்கு (மலைல தங்கற குடில்) ஏறி, ராத்திரி தங்கிட்டு இறங்கலாம்னு பிளான். ஸ்கீ டூர் கைடு புக்ல ‘ஈஸி’ன்னு போட்டிருக்கு, நம்பி போலாமா?

பதில்: ஏறுறதுக்கு நம்பலாம், இறங்குறதுக்கு அப்படியே நம்பாதீங்க. அந்த ‘ஈஸி’ ஸ்கீ போடுறவங்களை மனசுல வச்சு எழுதினது. ஏறும்போது பிரச்சனை இல்ல, போர்டு நடுவுல பிரிஞ்சு ரெண்டு ஸ்கீ ஆகிடும், அடியில ஸ்கின் (பின்னால வழுக்காம பிடிக்கற பட்டை) ஒட்டிக்கிட்டு காலைத் தூக்காம தேச்சு தேச்சு போனா மணிக்கு 300 - 400 மீட்டர் உயரம் சாதாரணமா ஏறிடலாம், முதல் தடவைக்கு 600 மீட்டர் ஏற்றம் இருக்கற ஹட் தாராளம்.

வம்பு திரும்பி வரும்போதுதான். காட்டுக்குள்ள ஜீப் ரோடு மாதிரி ஒரு பாதை வரும், கொஞ்சம் சரிவு, அப்புறம் சமதளம், நடுவுல ஒரு சின்ன மேடு. ஸ்கீக்காரங்க ஸ்கீ போலை (கையில பிடிக்கற கோல்) ஊன்றி தள்ளிக்கிட்டு போயிட்டே இருப்பாங்க, நமக்கு ரெண்டு காலும் ஒரே பலகையில மாட்டியிருக்கு, வேகம் நின்னா நின்னதுதான், உக்காந்து போர்டைப் பிரிச்சு, பூட்ஸை மாட்டற பைண்டிங்கை மாத்தி, மேடு தாண்டினதும் மறுபடி சேத்து... பொழுது போயிடும். அதனால மேப்ல உயரக்கோடுகளைப் பாருங்க, அது ரொம்ப விலகி இருக்கற இடம் கிட்டத்தட்ட சமதளம், அங்க போர்டு நிக்கும். அப்படி ஒரு ரெண்டு கிலோமீட்டர் இருந்தா வேற ஹட் தேடுறது நல்லது. கொஞ்ச தூரம்தான்னா மேலருந்தே வேகத்தை விடாம வாங்க, போலை பேக்ல கட்டாம கையிலயே வச்சுக்கங்க.

கேள்வி: பாதி வழியில ஸ்கின் ஒட்ட மாட்டேங்குது, ஏன்?

பதில்: பசையில பனித்தூள் பட்டிருக்கும், இல்லன்னா போர்டோட அடிப்பக்கம் ஈரமா இருந்திருக்கும். கையுறையால தேச்சா போதாது, காஞ்ச துணியால நல்லா தொடச்சுட்டு ஒட்டுங்க. கழட்டினா பசைப் பக்கத்தை உள்ள வச்சு மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்கங்க, உடம்பு சூட்டுல பசை உயிரோட இருக்கும். அவசரத்துக்கு ரெண்டு ஸ்கீ ஸ்ட்ராப் (இழுத்துக் கட்டற பட்டை) கையில இருக்கட்டும், சுத்திக் கட்டி ஹட் வரைக்கும் ஓட்டிடலாம்.

கேள்வி: காட்டு வழிதானே, அவலாஞ்ச் (பனிச்சரிவு) பயம் இல்லையே?

பதில்: நெருக்கமான காடுன்னா பயம் கம்மி. ஆனா போர்டு ஓட்ட நல்லா இடைவெளி இருக்கற காட்டுல பனிச்சரிவுக்கும் இடம் இருக்கு. மரமே இல்லாம மேலருந்து கீழ வரைக்கும் ஒரு பட்டை ஓடுதுன்னா அங்க ஏற்கனவே பனி சரிஞ்சிருக்கலாம்னு அர்த்தம், அந்த இடத்துல நின்னு டீ குடிக்காதீங்க. பலகை பலகையா சரியற பனிச்சரிவு பெரும்பாலும் 30 - 45 டிகிரி சரிவுல கிளம்பும், நீங்க 30-க்குக் கீழ இருந்தா மட்டும் போதாது, தலைக்கு மேல இருக்கற சரிவையும் பாக்கணும். அன்னைக்கு காலைல பனிச்சரிவு அபாய அறிக்கை (புல்லட்டின்) பாத்துட்டு கிளம்புங்க. அபாய அளவு 1-லருந்து 5 வரை, 3-ன்னா ‘நடுவுலதானே’ன்னு அசால்ட்டா இருக்காதீங்க, உயிர் போறது அந்த 3-லதான் அதிகம். ட்ரான்ஸீவர் (பனிக்குள்ள புதைஞ்சவரைத் தேட உதவற சிக்னல் கருவி), ப்ரோப் (குத்திப் பாக்கற நீளக் கம்பி), ஷவல் (மண்வாரி) மூணும் ஆளுக்கு ஒண்ணு, ‘ஈஸி டூர்’னு சொல்லி விட்டுட்டு வர்ற நண்பரைக் கூட்டிட்டு போகவே போகாதீங்க.

இன்னொண்ணு, புதுப்பனி நிறைய விழுந்திருந்தா மரத்தடியில, கிளைக்குக் கீழ பனி இறுகாம பள்ளமா இருக்கும், தலைகீழா விழுந்தா தானா வெளிய வர்றது கஷ்டம். கூட வர்றவர் கண்ணுல படற தூரத்துலயே ஓட்டுங்க.

கேள்வி: ஹட்ல என்ன கிடைக்கும், என்ன தூக்கிட்டு போகணும்?

பதில்: முதல்ல ஹட் திறந்திருக்கான்னு பாருங்க! சுவிஸ் ஆல்பைன் கிளப்புக்கு மட்டும் சுமார் 150 ஹட் இருக்கு, எல்லாம் குளிர்காலத்துல ஆள் வச்சு நடக்காது. ஆள் இல்லாதப்போ விண்டர் ரூம் (குளிர்காலத்துல திறந்து வச்சிருக்கற அறை) மட்டும் இருக்கலாம், அங்க பனியை உருக்கி நீங்களே சமைக்கணும். ஆள் இருந்தா சாப்பாடு, படுக்கை கிடைக்கும், முன்னாடியே புக் பண்ணுங்க, வரலன்னா சொல்லிடுங்க, இல்லன்னா உங்களைத் தேட ஆரம்பிச்சிடுவாங்க. போர்வை அங்கயே இருக்கும், ஆனா உள்ள விரிச்சுக்கற மெல்லிசு ஸ்லீப்பிங் பேக் நம்மதுதான். பூட்ஸை வாசல்லயே கழட்டணும். ஸ்கினை அடுப்புக்கு ரொம்பப் பக்கத்துல தொங்க விடாதீங்க, பசை உருகிடும்.