ஷாட்கன் கட்டையும் கிளே தவறுவதும்: கேள்வி பதில்

பறக்கும் தட்டான கிளேயை ஷாட்கனால் (சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி) சுடும் ட்ராப், ஸ்கீட் போட்டிக்காரர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கட்டை என்றால் துப்பாக்கியில் தோளில் பதியும் பின்பகுதி, அடி என்றால் குண்டுகள் போய் விழும் இடம். ஏர் ரைஃபிள், பிஸ்டல் கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கோவை வாசகர்: ட்ராப்பில் என் அடி கிளேக்குக் கீழேயே போகிறது என்கிறார் கோச். கட்டையை உயர்த்தலாமா?

உயர்த்தலாம், ஆனால் தாளில் சுட்டுப் பார்க்காமல் மரத்தில் கை வைக்காதீர்கள். ஷாட்கனில் குறிபார்க்கும் பின் சைட் கிடையாது, உங்கள் கண்தான் பின் சைட். கட்டையில் கன்னம் பதிகிற மேல் விளிம்பை காம்ப் என்கிறோம். காம்ப் தாழ்ந்தால் கண் தாழும், கண் தாழ்ந்தால் அடியும் தாழும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கண் மிகவும் தாழ்ந்துவிட்டால் ரிசீவரின் (பேரலுக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள உலோகப் பகுதி) பின்பக்கம்தான் தெரியும். கிளேயைப் பார்க்கத் தலை தானாகத் தூக்கும், அந்த அடி மேலே போகும். ஒரு நாள் கீழே, மறுநாள் மேலே என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் கதை.

ஒரு மீட்டர் சதுரத் தாளை 15 மீட்டரில் நிறுத்தி, நடுவில் 5 செ.மீ. கறுப்புப் பொட்டு வையுங்கள். இறுக்கமான சோக் (சிதறலைக் குறுக்கும் முனைக் குழாய்) போடுங்கள். முதலில் மேசையில் மணல் பை மேல் தாங்கி, ரிப் (பேரல் மேல் நீளமாக ஓடும் பட்டை) தட்டையாகத் தெரியும்படி நிதானமாகக் குறிபார்த்து இரண்டு பேரலிலும் சுடுங்கள். இங்கேயே அடி விலகினால் கோளாறு பேரலில். கட்டையைத் தொட்டுப் பயனில்லை.

பேரல் சரி என்றால் நின்று சுடுங்கள். கண் பொட்டில் இருக்கட்டும், முனையில் உள்ள சிறு மணியான பீடைப் பார்க்காதீர்கள். துப்பாக்கி தோளில் அமர்ந்ததும் சுட்டுவிட வேண்டும். ஒரே தாளில் எட்டுத் தோட்டா. எட்டு சிதறலுக்கும் சேர்த்து நடுப்புள்ளியைக் குறியுங்கள். ஒற்றை அடியை நம்பி அளவு எடுக்காதீர்கள்.

கணக்கு எளிது: விலகலை, கண்ணிலிருந்து பேரல் முனை வரையுள்ள தூரத்தால் பெருக்கி, தாளின் தூரத்தால் வகுக்க வேண்டும். 30 இன்ச் பேரலில் கண்ணுக்கும் முனைக்கும் சுமார் 95 செ.மீ. அடி 10 செ.மீ. தாழ்ந்திருந்தால், 100 மி.மீ. × 0.95 ÷ 15 = 6.3. ஆக, காம்ப் 6 மி.மீ. உயர வேண்டும். மெல்லிய அட்டையை அடுக்கி இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, மறுபடி தாளில் சுட்டு உறுதி செய்யுங்கள். அப்புறம் அட்ஜஸ்டபிள் காம்ப் இருந்தால் வாஷர், இல்லையென்றால் ஒட்டும் பேட்.

3 மி.மீ. மாற்றம் அற்பம் என்று நினைக்காதீர்கள். 35 மீட்டரில் அது 11 செ.மீ., கிளேயின் விட்டமும் அவ்வளவுதான்.

திருச்சி வாசகர்: என் உயரம் 5 அடி 9 அங்குலம். கட்டை நீளம் எவ்வளவு வைக்கலாம்?

உயரத்தை வைத்துச் சொல்ல முடியாது. கழுத்து, தோள், கை நீளம், நிற்கும் விதம் எல்லாம் சேர்ந்தது அது. கட்டையின் பின்முனையை (பட்) முழங்கை மடிப்பில் வைத்து அளக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தோளில் ஏற்றியபின் மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் இடைவெளி இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். கண்ணாடி முன் பார்ப்பதானால், முதலில் துப்பாக்கியைத் திறந்து தோட்டா அறை இரண்டும் காலி என்று பாருங்கள்.

நீளம் அடியையும் மாற்றும். ரிப் கோட்டிலிருந்து முன்பக்கம் 38 மி.மீ., பின்கோடியில் 63 மி.மீ. இறக்கம் உள்ள காம்பில், கன்னம் 1 செ.மீ. பின்னால் போனால் கண் சுமார் 1 மி.மீ. தாழும், 35 மீட்டரில் அடி 4 செ.மீ. இறங்கும். டெல்லியில் ஜனவரியில் தடித்த ஜாக்கெட் போட்டுச் சுடுபவர்கள் பட் பேடுக்கு (பட்டில் பொருத்தும் மெத்தை) அடியில் உள்ள, நீளம் கூட்டும் ஸ்பேசரைக் கழற்றுவது இதனால்தான்.

பெங்களூரு வாசகர்: வலது தோளில் சுடுகிறேன். எல்லாமே இடது பக்கம் தவறுகிறது. காஸ்ட் (கட்டை பக்கவாட்டில் விலகும் அளவு) கூட்டலாமா?

கண்ணைப் பாருங்கள் முதலில். இரண்டு கண்ணும் திறந்தபடி கட்டைவிரலால் தூரத்தில் ஒரு பொருளை மறையுங்கள். இடது கண்ணை மூடியதும் விரல் விலகி நின்றால் உங்களுக்கு இடது கண் ஆட்சி. அதைக் காஸ்ட் தீர்க்காது. கண்ணாடியின் இடது லென்ஸில் பார்வை விழும் இடத்தில் மங்கலான சிறு டேப் ஒட்டுங்கள், அல்லது தோளை மாற்றுங்கள். வலது கண்தான் ஆட்சி என்றால், கன்னம் தடித்துக் கண் ரிப்புக்கு இடப்புறம் நிற்கிறது. அப்போது காஸ்ட் கூட்டலாம், கோவைக்காரருக்குச் சொன்ன அதே கணக்கில்.

மதுரை வாசகர்: செமி ஆட்டோவுக்கும் இதேதானா? உயரம் 5 அடி 6 அங்குலம், நீளம் எவ்வளவு?

இதேதான். பல மாடல்களில் கட்டைக்கும் ரிசீவருக்கும் இடையே போடும் மெல்லிய தகடுகள் (ஷிம்) பெட்டியிலேயே வரும். இறக்கம், காஸ்ட் இரண்டையும் அதில் மாற்றலாம். நீளத்துக்குத் திருச்சிக்காரர் பதிலைப் பாருங்கள்.

சென்னை வாசகர்: பிட்ச்சை (பட்டின் சாய்வை) விட்டுவிட்டீர்களே! பேடின் கீழ் ஸ்க்ரூவில் வாஷர் போட்டால் அடி உயரும். எங்கள் ரேஞ்சில் எல்லோரும் செய்வது இது.

எல்லோரும் செய்கிறார்கள் என்பது காரணம் ஆகாது. கண், ரிப், முனை மூன்றின் உறவை பட்டின் சாய்வு நேரடியாகத் தொடுவதில்லை.

சென்னை வாசகர்: தாளிலேயே உயர்ந்ததே?

வாஷர் போட்டதும் நீளமும் கூடியது, பட் தோளில் உட்காரும் இடமும் மாறியது. கன்னம் நகர்ந்திருக்கும். மேல், கீழ் இரண்டு ஸ்க்ரூவிலும் ஒரே தடிமன் வாஷர் போட்டுச் சுடுங்கள். அப்படியும் அடி மாறினால், மாற்றியது பிட்ச் அல்ல என்று தெரிந்துவிடும்.

திருச்சி வாசகர்: குறுக்கிடுகிறேன். ஸ்கீட்டில் இடுப்பிலிருந்துதானே ஏற்றுகிறோம்? பேட் தோளில் படும்போதே முனையின் போக்கு தீர்மானமாகிவிடுகிறதே.

இது நியாயமான வாதம். ஒலிம்பிக் ஸ்கீட்டில் கிளே தெரியும்வரை துப்பாக்கி கீழேதான் இருக்க வேண்டும். கன்னம் பதியும் முன்பே விசையை இழுப்பவருக்கு பிட்ச் அடியை மாற்றும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து ஏற்றும் பயிற்சி. ட்ராப்பில் முன்கூட்டியே தோளில் ஏற்றி நிற்கிறீர்கள், அங்கே பிட்ச்சின் வேலை உதையைத் தோளில் சமமாகப் பரப்புவது. கீழ்முனை அதிகம் நீண்டால் பட் அக்குள் பக்கம் வழுக்கும். இரண்டாவது தோட்டா எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம்.

சென்னை வாசகர்: அப்போ வாஷரைக் கழற்றணுமா?

வலி இல்லையென்றால் இருக்கட்டும். அடியை மட்டும் காம்பில் சரிசெய்யுங்கள்.

சேலம் வாசகர்: 25 தோட்டா முடிவதற்குள் கன்னம் வீங்குகிறது. 24 கிராம் தோட்டாதான்.

தோட்டாவைக் குறை சொல்லாதீர்கள். பின்பக்கம் சரியும் காம்பில், உதைக்கும்போது துப்பாக்கி பின்னால் வர, உயரமான முன்பகுதி கன்னத்துக்கு அடியில் நுழைகிறது. முன்னும் பின்னும் ஒரே உயரமுள்ள காம்பில் இது குறையும். தலையை முன்னால் நீட்டி வைக்கிறீர்களா என்றும் யாரையாவது பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரோடு வாசகர்: ட்ராப்புக்கு 50-50 நல்லதா, 70-30 நல்லதா?

கிளே மேலேறிப் போவதால் சிதறலில் 60 முதல் 70 சதவீதம் குறிக்கு மேலே விழுவது வசதி, முனையால் கிளேயை மறைக்க வேண்டியதில்லை. ஸ்கீட்டுக்கு 50-50 (மேலே பாதி, கீழே பாதி) போதும்.

நெல்லை வாசகர்: 168 செ.மீ. உயரம். நீளம்?

மதுரைக்காரர் 5 அடி 6 அங்குலம் என்றார். நீங்கள் சென்டிமீட்டரில் கேட்கிறீர்கள். பதில் மாறவில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: கட்டையைக் கொதிக்கும் எண்ணெய் ஊற்றி வளைக்கலாமாமே? லைசென்ஸ் மாற்றமும் கேட்கணும்.

வால்நட் மரக் கட்டையை, கை பிடிக்கும் மெல்லிய இடமான மணிக்கட்டுப் பகுதியில் சூடாக்கி வளைப்பது உண்மைதான், ஆனால் அதற்கென்று ஜிக் (பிடித்து வளைக்கும் சட்டம்) வைத்திருக்கும் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையில் மட்டும். அந்த இடத்தில் மரத்தின் நரம்பு குறுக்கே ஓடினால் பிளந்துவிடும். பல அடுக்கு ஒட்டிய லேமினேட் கட்டையில் ஒட்டு விட்டுப்போகலாம். வளைத்த மரம் கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பவும் செய்யும், அதனால் சில வாரம் கழித்து மீண்டும் அளந்து, மீண்டும் தாளில் சுடுங்கள். லைசென்ஸுக்கு ஆட்சியர் அலுவலகம், சென்னை என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலகம்.