ஆள் தேடுவதும் ஆளை வளர்ப்பதும்: வன்னிச் சிறுதொழில்காரரின் கேள்விகளுக்குப் பதில்

வன்னியில் கடை, கராச், மில் நடத்துகிறவர்கள் அனுப்பும் கேள்விகள் பெரும்பாலும் ஆட்களைப் பற்றியவைதான். கடன் எடுக்கலாம், மெஷின் வாங்கலாம், வேலை தெரிந்த ஒருவரை எங்கே பிடிப்பது? இந்த முறை அந்தக் கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

மோட்டார் சைக்கிள் கராச் வைத்திருக்கிறேன். பெடியளுக்கு வேலை பழக்கிவிட்டால் ஒரு வருசத்தில் தனிக்கடை போடுகிறார்கள், இல்லாவிட்டால் வெளிநாடு போகிறார்கள். இனியும் மினக்கெட்டுப் பழக்க வேண்டுமா? (கிளிநொச்சி)

உங்கள் சலிப்பு விளங்குகிறது. ஆனால் வேலை பழகாத பெடியனும் போகத்தான் போகிறான். அவன் இருக்கும் நாள்களில் உங்கள் வாடிக்கையாளரின் வண்டியைக் கெடுத்துவிட்டுப் போவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் அரச உதவியைச் சொல்கிறேன். நைற்றா என்று எல்லோரும் சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் வேலையே இதுதான். பயிலுநர் வகுப்பறையில் இருக்க மாட்டார், உங்கள் கராச்சிலேயே நின்று பழகுவார். ஒப்பந்தம் எழுதப்படும், கடைசியில் மதிப்பீடு நடக்கும், தேறினால் என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். மாவட்ட அலுவலகத்துக்குப் போய் உங்கள் கராச்சைப் பயிற்சி இடமாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே வாகனத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியாக வெளியே ஒரு தொழிலிடத்தில் வேலை பழக வேண்டும். அந்த இடம் ஏன் உங்களுடையதாக இருக்கக்கூடாது?

அடுத்தது உங்கள் கையில் இருப்பது. ஒரு மட்டையை எடுத்து வேலைகளை வரிசையாக எழுதுங்கள்: ரயர், ஒயில் மாற்றுவது, பிரேக், செயின், காபரேட்டர், வயரிங், எஞ்சின் பிரிப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம். ஒன்றில் ‘செய்தேன்’ என்று பெடியன் கோடு போடட்டும். மற்றதில், அவன் தனியாகச் செய்து நீங்கள் பார்த்த பிறகு நீங்கள் போடுங்கள். எத்தனை வேலை முடித்தால் சம்பளம் எவ்வளவு கூடும் என்பதையும் அதே மட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். அடுத்த படி எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்தால் பெடியன் அவசரப்பட்டு வெளிக்கிட மாட்டான். ‘பார்த்துத் தருவேன்’ என்ற வாய்ப்பேச்சுக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஓடிவிடுவான் என்ற பயத்தில் அடையாள அட்டையையும் ஓ.எல். சான்றிதழையும் வாங்கி மேசை லாச்சிக்குள் பூட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய அநியாயம். அப்படி நிறுத்தி வைத்த ஆளிடம் நல்ல வேலை வாங்கவும் முடியாது.

அரிசி மில். காலபோக அறுவடையில் ஆளே கிடைப்பதில்லை, மற்ற மாதங்களில் இருக்கிற ஆள்களுக்கு வேலை இல்லை. என்ன செய்யலாம்? (பரந்தன்)

தை கடைசியில் இருந்து பங்குனி வரை எல்லா மில்லும், எல்லா வயலும், எல்லா லொறியும் ஒரே ஆள்களைத்தான் தேடுகின்றன. நெல் வந்திறங்கிய பிறகு தேடினால் கேட்ட கூலியைக் கொடுக்கத்தான் வேண்டும். கார்த்திகையிலேயே முடிவெடுங்கள்.

ஒரு கொப்பியில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, நெல் அவிப்பது, களத்தில் காயப்போடுவது, மெஷின் ஓட்டுவது, மூட்டை கட்டுவது, ஏற்றி இறக்குவது, கணக்கு என்று பிரித்து, எந்த மாதம் எதற்கு எத்தனை பேர் என்று குறியுங்கள். போன வருசத்துச் சம்பளக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். குறித்தவுடன் ஒன்று தெளிவாகும்: அவிப்பவரும் மெஷின்காரரும்தான் வருசம் முழுக்க வேண்டும். அவியல் பிழைத்தால் அரிசி உடையும், நிறம் மாறும். அந்த இரண்டு பேரையும் நிரந்தரமாக்கி, ஒவ்வொருவருக்கும் பதிலாக நிற்க இன்னொருவரைப் பழக்குங்கள். மற்றவர்கள் பருவகால ஆள்கள். அவர்களுக்கு இப்போதே சொல்லி வைத்து, அறுவடை முடியும் வரை நின்றால் கடைசியில் ஒரு தொகை என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

சிறுபோகத்துக்கு முந்திய வேலையில்லாத வாரங்கள்தான் பயிற்சிக்கு ஏற்ற காலம். றப்பர் றோலர் மாற்றுவதையும் ஈரப்பதம் பார்ப்பதையும் அப்போது சொல்லிக் கொடுங்கள். வெளியே ஒரு பயிற்சிக்கு ஆளை அனுப்புவதென்றால் தமிழில் நடக்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். மொழி விளங்காமல் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வருவது அந்த ஆளுக்கும் அவமானம், உங்களுக்கும் நட்டம்.

நாலு பிள்ளைகளை வைத்துத் தையல் கடை நடத்துகிறேன். இவ்வளவு சின்னக் கடைக்கும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்ட வேண்டுமா? (புதுக்குடியிருப்பு)

கட்ட வேண்டும். ஒரே ஒருவர் வேலை செய்தாலும் கட்ட வேண்டும். துண்டுக்கணக்கில் தைக்கிறார்கள் என்பதும் காரணமாகாது. அவர்களின் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, உங்கள் பங்காக 12 வீதம் சேர்த்து ஈ.பி.எஃப்.; அதோடு ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அது முழுக்க உங்கள் பணம். 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்தச் சம்பளத்துக்கு அந்தப் பிள்ளையிடம் பிடிப்பது 2,400, நீங்கள் போடுவது 3,600உம் 900உம். ஆக ஒரு பிள்ளைக்கு உங்கள் மாதச் செலவு 34,500. தைக்கும் துணிக்கு விலை சொல்லும்போது இந்தத் தொகையை வைத்தே கணக்குப் பாருங்கள்.

உங்கள் பகுதியில் வீட்டைத் தனியாகத் தாங்கும் பெண்கள் எத்தனை பேர் என்பது எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆடைத் தொழிற்சாலைக்கு விடியமுன்னம் பஸ் ஏறுகிற பிள்ளை, பக்கத்தில் உங்களிடம் வராததற்கு இந்த நிதியும் சம்பளத் துண்டும் ஒரு காரணம்.

மிளகாய்த்தூள், மா அரைத்துப் பொதி செய்கிறோம். எந்தக் கந்தோருக்கு முதலில் போவது? (ஒட்டுசுட்டான்)

பிரதேச செயலகத்துக்கு. ஆள் வேண்டுமென்றால் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர், வியாபார முகாமைப் பயிற்சிக்குச் சிறுதொழில் முயற்சி அபிவிருத்திப் பிரிவு, பொதியிடல், தொழில்நுட்பம் என்றால் விதாதா வள நிலையம். ‘ஏதும் பயிற்சி இருக்கோ?’ என்று கேட்டால் ‘வந்தால் சொல்லுறம்’ என்றுதான் பதில் வரும். ‘என்னிடம் வேலை செய்யும் இரண்டு பேருக்குப் பொதியிடலும் லேபல் போடுவதும் பழக வேண்டும், ஆவணி மாதம் வசதி’ என்று எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கி வாருங்கள்.

பதினைந்து வயசுப் பெடியன், குடும்பம் கஷ்டம், கடையில் சேர்க்கலாமா? (மல்லாவி)

கூடாது. 2021இல் இருந்து வேலைக்கு எடுக்கும் ஆகக்குறைந்த வயது 16. ஆபத்தான வேலைக்கு 18. உதவ விரும்பினால் அவன் பள்ளிக்கூடச் செலவைப் பொறுப்பெடுங்கள், அல்லது வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுங்கள்.

என்னிடம் ஒரு மேசன் பதினைந்து வருசமாக வேலை செய்கிறார். கை சுத்தமான வேலை, ஆனால் கடதாசி ஒன்றும் இல்லை. இனி அவரைப் படிக்க அனுப்ப முடியுமா? (வவுனியா)

படிக்க அனுப்பத் தேவையில்லை. முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருக்கிறது. அனுபவத்தால் பழகியதை மதிப்பீட்டாளர் செய்யச் சொல்லிப் பார்ப்பார், கேள்வி கேட்பார். தேறினால் என்.வி.கியூ 3 அல்லது 4ஆம் மட்டம். 4 என்பது முழுமையான தொழில்வினைஞருக்கு உரியது. கல்லூரியில் படித்தவருக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ்தான். இதையும் நைற்றா அலுவலகத்தில் கேளுங்கள். அனுபவத்துக்கு உங்கள் கடிதம் உதவும். எந்த ஆண்டில் இருந்து வேலை செய்கிறார், கல் கட்டுவதா, பூசுவதா, மாபிள் பதிப்பதா என்று விபரமாக எழுதுங்கள். அவர் கட்டிய வீடுகளின் படங்கள் போனில் இருந்தால் அவற்றையும் அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள்.